நீளத் தலையணையின் நாடி

நாடி பார்க்கும் பட்டி அவள் கையில் இல்லை. பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போகும்போது கழற்றியது, இன்னும் திரும்பக் கட்டவில்லை. ஆனாலும் கட்டில் தலைமாட்டில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஸைனம்பு ஈரக் கையைத் துவாயில் துடைத்தபடி அறை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். பட்டியைக் கழற்றினால் அந்த வெளிச்சம் வெள்ளையாக மாறவேண்டும். மாறியதும் பெட்டிக்குள் இருக்கும் பெண், ரயில் நிலைய அறிவிப்புக் குரலில், "பட்டியை அணியவும்" என்பாள், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் என்பாள், கட்டும்வரைக்கும் விடமாட்டாள். பட்டிக்குக் கீழே இருக்கும் தோலிலும் தண்ணீர் படவேண்டுமே, கழற்றாமல் எப்படி வுளூச் செய்வது? ஐந்து வேளையும் தொழுகிற வீட்டில் ஐந்து வேளையும் இந்தத் தொல்லை. அதனால்தான் இன்றைக்கு ஒரு தந்திரம் செய்தாள். கட்டிலில் கிடந்த நீளத் தலையணையின் ஒரு முனையில் பட்டியைச் சுற்றிக் கொளுவிவிட்டுப் போனாள். ஏதோ ஒன்றில் கட்டியிருக்கிறது என்று நினைத்து அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டால் போதும் என்பதுதான் எண்ணம்.

வாயை மூடிக்கொண்டது சரி. பச்சை எதற்கு? பச்சை என்றால் நாடி பார்த்தாயிற்று, மூச்சு பார்த்தாயிற்று, உடம்புச் சூடு பார்த்தாயிற்று, ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். பெட்டியைப் பொருத்த வந்த பொடியன், அவள் கணவர் பலீலின் தங்கை மஸாஹிராவுக்கு அப்படித்தான் விளக்கினான். ஸைனம்பு திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புறக்கோட்டையில் பொத்தானும் ஸிப்பும் விற்ற பலீல் இருந்திருந்தால் இதைக் கண்டு கட்டில் அதிரச் சிரித்திருப்பார். "சல்லி கூடின சாமான்தான் முதல்ல பொய் சொல்லும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற மனுஷன். சிரித்து முடித்ததும், இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. பட்டியை அவிழ்த்துக் கையில் கட்டிக்கொண்டாள். அதன் அடிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தது.

பலீல் மௌத்தாகி நாலாவது மாதம் முடியப் போகிறது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கைச் சந்தில், மூன்றாம் மாடி பிளாட்டில் ஸைனம்பு இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும், அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது. வெள்ளை உடுப்பு, மூடிய ஜன்னல், மூடிய திரை. திரைக்கு அந்தப் பக்கம் கரையோர ரயில் ஓடும்போது மேசையில் கிடக்கும் கரண்டி நடுங்கும். காலி வீதி பஸ்களின் உறுமல் மங்கலாகக் கேட்கும். கடலின் உப்பு எப்படியோ உள்ளே வந்து கதவுப் பிணைச்சல்களைத் தின்றுகொண்டிருக்கும். எதிர் பிளாட்டுக்காரர்கள் கனடாவுக்குப் போய்ப் பூட்டியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஹெந்தளையிலிருந்து மஸாஹிரா சோறும் கறியும் மீனும் கட்டிக்கொண்டு வருவாள், கொஞ்ச நேரம் இருப்பாள், மழைக்கு முந்திப் போய்விடுவாள். மற்ற நாட்களில் ஸைனம்பு பேசுவது பெட்டிக்குள் இருக்கும் பெண்ணோடுதான். "கட்டுறேன் கட்டுறேன், அவசரப்படாதீங்க" என்று.

மெல்பனில் இருக்கும் மகன் ஸியாம்தான் இந்தப் பெட்டியை ஏற்பாடு செய்தான். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவனுக்குக் கூடுதலாக லீவு கிடைக்கவில்லை. போகும்போது, "வாப்பாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கப் படாது உம்மா" என்று அவள் கையைப் பிடித்து அழுதான். பலீலுக்கு நடந்தது பெரிய நோய் ஒன்றுமில்லை. மூத்திரக் கடுப்பு என்று தொடங்கியது. பிறகு குளிர் நடுங்கியது. ஸைனம்பு போர்வை மேல் போர்வை போர்த்தினாள். பேச்சு கொஞ்சம் குழறியது. நித்திரைக் கலக்கம் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள், முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் என்று இழுத்தார்கள். லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் அவரைக் கதிரையில் இருத்தித்தான் நாலு பேர் படியால் இறக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது அவர் தலையைத் திருப்பி, "தேத்தண்ணிய மூடி வை, வந்து குடிக்கிறேன்" என்றார். அதை மூடி வைத்துவிட்டு இரவு முழுதும் காத்திருந்தவளுக்கு, இன்றைக்கும் அந்த வாசல் பக்கம் போகவே பயம்.

பெட்டி வந்த முதல் கிழமைகளில் கண்காணிப்பு நிலையத்திலிருந்து அனுஷியா என்ற நர்ஸ் தினமும் காலையில் கதைப்பாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, குரலில் சிரிப்பு இருக்கும். "உங்க நாடி கடிகாரம் மாதிரிம்மா, எப்பவும் எழுபத்திரண்டு" என்பாள். ஸியாமும் தினமும் போன் எடுத்துக் கதைப்பான். பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. பச்சை எரிந்தால் நர்ஸ் எடுக்கத் தேவையில்லை என்பது அவர்களுடைய முறை. பச்சை எரிந்தால் ஸியாமின் போனிலும் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். "அதப் பார்த்தாலே மனசுக்கு நிம்மதி உம்மா, நீங்க பக்கத்துல ஈக்கிற மாதிரி" என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அவன் எடுப்பது குறைந்துவிட்டது. அவனுக்கு அவள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள்? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஆயிரம் வேலை.

பக்கத்தில் இருந்தது நீளத் தலையணைதான். பலீல் அதை அணைத்துக்கொண்டு, ஒரு காலை மேலே போட்டுத்தான் படுப்பார். அது இல்லாமல் அவருக்குக் கண் மூடாது. இலவம் பஞ்சு அடைத்தது. உறையின் இரண்டு முனையையும் நாடாவால் இறுக்கிக் கட்டுவது. கட்டிய இடம் ஒரு மணிக்கட்டு அளவுக்கு ஒடுங்கி இருக்கும். அவருடைய உடுப்பையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தபோது ஸைனம்பு அவர் இடுப்பில் கட்டும் ஒரு சாரத்தை மட்டும் ஒளித்து வைத்தாள். பிறகு அதை வெட்டி இந்தத் தலையணைக்கு உறை தைத்தாள். அவர் படுத்த பக்கத்தில், சுவரோரமாக, அதைக் கிடத்தி வைத்தாள். சில இரவுகளில் மேலே கையைப் போட்டுக்கொள்வாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மழைக் காலம் தொடங்கியது. குதிகால் வெடிப்பு ஒன்று வாய் பிளந்து நோகத் தொடங்கியதும் அப்போதுதான். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரி, வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேயே நடக்கிறவள், தினமும் ஐந்து முறை அந்தக் காலை நனைக்கிறவள். முதலில் மஞ்சள் பூசினாள். பிறகு ஓரம் சிவந்து பளபளத்தது. பிறகு ஒரு வாசம் வந்தது, பழைய பூச்சாடித் தண்ணீரின் வாசம். வெள்ளைச் சீலையின் ஓரத்தைக் கிழித்து அதைக் கட்டி வைத்தாள்.

ஒரு காலையில் பெட்டியில் மஞ்சள் எரிந்தது. எரிந்த கையோடு பெட்டியிலிருந்தே அனுஷியாவின் குரல் வந்தது. எழுந்து போய் எடுக்கத் தேவையில்லாமல், வருகிற அழைப்புகள் தாமாகவே பெட்டியில் திறந்துகொள்ளும்படி செய்து வைத்திருந்தார்கள்.

"அம்மா, சூடு கொஞ்சம் கூடியிருக்குங்க. நாடியும் ஓடுது. ஒடம்புல எங்கயாவது காயம் கீயம் இருக்கா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு பெட்டியில் ஒரு மனுஷக் குரல். ஸைனம்பு பெட்டிக்குக் கிட்டப் போனாள். "ஒண்டும் இல்ல புள்ள. மழைக்கு வந்த தடிமனும் தும்மலும்."

"மறைக்காதீங்கம்மா. சீனி இருக்கிறவங்களுக்குச் சின்னக் காயத்தில இருந்து கிருமி ரத்தத்துக்குப் போனா நேரமே இருக்காது. மறுபடியும் மஞ்சள் வந்துச்சுன்னா நான் ஆம்புலன்ஸ் அனுப்பிருவேன்."

"ஆம்புளயள் வருவாங்களா?"

"ஒங்க நெலம எனக்குத் தெரியும்மா. பொம்பள நர்ஸோடதான் அனுப்புவேன். பயப்படாதீங்க."

அன்று வெள்ளிக்கிழமை. மஸாஹிரா வந்தபோது, நர்ஸ் அவளுக்கும் போன் பண்ணியிருந்தாள் என்பது தெரிந்தது. "மதினி, மருந்துக்கு வெளிய போறதுக்கு இத்தாவுல தடையில்ல. மௌலவிட்டயும் கேட்டுட்டுத்தான் வாரன். கால ஏன் இழுத்து நடக்கிறீங்க? காட்டுங்க பாப்பம்."

"செருப்பு கடிச்சது" என்றாள் ஸைனம்பு. வீட்டுக்குள் செருப்புப் போடாதவள் சொன்ன பொய்யை மஸாஹிரா கவனிக்கவில்லை. கவனித்திருக்கலாம், ஆனால் வானம் இருண்டு வந்தது, ஹெந்தளை பஸ்ஸுக்குக் கோட்டைக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்கு எடுத்துக் குடிக்கச் சொல்லி பனடோல் அட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

தடை மார்க்கத்தில் இல்லை என்பது ஸைனம்புவுக்கும் தெரியும். தடை அவள் வயிற்றுக்குள் இருந்தது. அந்த வாசல், அந்தப் படி, அந்தக் கதிரை. நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், அவளும் தலையைத் திருப்பி ஏதோ சொல்வாள், திரும்பி வரமாட்டாள். இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அது முடிந்ததும் தன் காலால் நடந்து போய் மருந்து எடுப்பது என்று முடிவு செய்தாள். மனுஷர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற சமாதானங்களில் இதைவிட மோசமானது கிடையாது.

அடுத்த நாள் பகலில் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்கும்போது முதுகில் ஒரு குளிர் ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். பெட்டியில் பச்சை மங்கி, மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது.

கை தானாகவே வேலை செய்தது. பட்டியை அவிழ்த்து, தலையணையின் ஒடுங்கிய முனையில் சுற்றி, கொக்கியை அழுத்தினாள். மஞ்சள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சையானது.

ஹாலில் இருந்த போனில் மணி ஒலித்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தாள். ஸியாம் ஒரு பச்சை இதயப் படம் அனுப்பியிருந்தான், கீழே பேத்தி சஹ்லாவின் புதுப் பள்ளிக்கூட உடுப்புப் படம். ஸைனம்பு படத்தை முத்தமிட்டாள். போனை அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டு, பனடோல் இரண்டை விழுங்கி, அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. கடலும் மழையும் ஒன்றாகிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்தன. குளிர் இப்போது முதுகோடு நிற்கவில்லை. எலும்புக்குள் இறங்கிப் பல்லைக் கிட்டவைத்தது, கட்டிலின் இரும்புச் சட்டம் அவளுடைய நடுக்கத்தில் கிடுகிடுத்தது. அலுமாரியில் போர்வை இருந்தது, ஆனால் அலுமாரி எங்கேயோ தூரத்தில் இருந்தது. பக்கத்தில் தலையணை இருந்தது. அவள் அதை அணைத்துக்கொண்டாள்.

சூடாக இருந்தது.

அடுப்பின் சூடல்ல, வெயிலில் காய்ந்த துணியின் சூடல்ல. போர்வைக்குள் வெகுநேரம் படுத்த ஓர் ஆளின் சூடு. ஸைனம்புவுக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அல்ல, ஆறுதலில். நாலு மாதமாக ஒரு உயிரின் சூடு அவள் உடம்பில் படவில்லை. "நீங்களா?" என்று கேட்டாள். கேட்டதற்கு வெட்கப்படவும் இல்லை. சாரத் துணியில் முகத்தைப் புதைத்து, அவருடைய வாசத்தைத் தேடி மூச்சை இழுத்தாள். கடையின் நூல் வாசம், அத்தர், வேர்வை, அதில் ஏதாவது கொஞ்சம்.

அவருடைய வாசம் இல்லை. தேங்காயெண்ணெயும் வெந்தயமும் காய்ச்சிய எண்ணெயின் வாசம். துவைத்த வெள்ளைப் பருத்தியின் வாசம். அது யாருடைய வாசம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஏனென்றால் தன்னுடைய வாசத்தை ஒருவர் வெளியிலிருந்து நுகர்வது வழக்கமில்லை.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். பெட்டியின் சின்னத் திரையில் எண் நின்றது. எழுபத்திரண்டு.

அது அவளுடைய எண். அவளுடைய சொந்த நெஞ்சோ இப்போது தாறுமாறாக, ஆள் துரத்த ஓடுகிறவனின் கால்போல அடித்துக்கொண்டிருந்தது. தன் கையைப் பச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. கால் பக்கம் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே தோலில் வலை வலையாக ஊதா நிறம் படர்ந்திருந்தது. பலீலின் கால் கடைசியில் அப்படித்தான் இருந்தது. போர்வை போர்த்தும்போது அவள் அதைப் பார்த்தாள்.

அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, தான் சாகப் போகிறாள் என்று. இதுவரை வாசலுக்குப் பயந்த பெண்ணுக்கு இப்போது அந்த வாசல் வேண்டும். நாலு பேர் வரவேண்டும், ஆணோ பெண்ணோ, கதிரையோ கட்டிலோ, தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். போன் ஹாலில் இருந்தது. காலை நிலத்தில் ஊன்றினாள். கால் ஊன்றவில்லை, கட்டிலோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு தடித்து, வாய் நிறையப் பஞ்சு அடைத்தாற்போலக் கிடந்தது. கூப்பிட்டாலும் எதிர் பிளாட் கனடாவில் இருந்தது.

பட்டி இருந்தது. பட்டியைக் கழற்றித் தன் கையில் கட்டினால் போதும். சிவப்பு எரியும். அனுஷியா கத்துவாள். எல்லாரும் வருவார்கள். எவ்வளவு லேசான காரியம், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

அந்தி மங்கி மஃரிப் பாங்கு தொடங்கியது. பாதியில் கரண்ட் போனது.

பாங்கும் நின்றது, ஹாலில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் நின்றது. மழைச் சத்தம் மட்டும். பெட்டிக்கு உள்ளே பற்றரியும் சிம் அட்டையும் இருந்தன, பச்சை அணையவில்லை. அறை முழுவதும் அந்தப் பச்சைதான். சுவர் பச்சை, திரை பச்சை, அவள் உடுத்திருந்த வெள்ளையும் பச்சை.

மழையின் கீழே இன்னொரு சத்தம் இருந்தது. முதலில் கடல் என்று நினைத்தாள். கடல் இழுத்து இரையும், நிதானமில்லாமல். இது நிதானமாக வந்து போனது. மூக்கால் இழுத்து, மூக்கால் விட்டு. கட்டிலில் இருந்து.

ஸைனம்பு கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பினாள். முழங்காலில் நிற்கும் அளவுக்கு. கையை நீட்டிப் பட்டியைப் பிடித்தாள். கொக்கி எங்கே? விரல் மரத்திருந்தது. பட்டி தளர்வாகத்தான் கட்டியிருந்தாள், நினைவிருக்கிறது. இப்போது இறுகியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் துணி பிதுங்கி நின்றது. இல்லை. துணி இப்படி மெத்தென்று இருக்காது. இப்படி வழுக்காது.

விரல்நுனியில் ஏதோ துடித்தது. மெதுவாக. ஒழுங்காக. கடிகாரம் மாதிரி.

அவள் இழுத்தாள். நகம் பிய்ந்தது. மறுபடியும் இழுத்தாள்.

பட்டி கட்டிய முனை, தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பெட்டி ஒருமுறை கிணுக்கென்றது. அழைப்பு திறந்தது.

"உம்மா?"

ஸியாம். அங்கே நடுச்சாமமாக இருக்கும். அவன் குரலில் நித்திரை இல்லாத கரகரப்பு. ஸைனம்புவின் உடம்பெல்லாம் அந்தக் குரலை நோக்கித் திரும்பியது. எத்தனை நாள் காத்திருந்தாள். மகன், என்னைத் தூக்கச் சொல்லுங்க. அதைத்தான் சொன்னாள். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"உம்மா, கேக்குதா?"

"கேக்குது மகன்" என்றது கட்டில்.

அவளுடைய குரல். சொல்லுக்கு முந்தி வருகிற சின்ன இருமலோடு, மகன் என்னும்போது இறங்குகிற தணிவோடு, அப்படியே அவளுடைய குரல்.

"எப்பிடி ஈக்கிறீங்க?"

"நல்லா ஈக்கேன். எனக்கென்ன. நீங்க ஏன் இன்னம் படுக்கல்ல?"

"நித்திர வரல்ல. பச்சதான் காட்டுது, அதுனால போன் எடுக்கத் தேவையில்லதான். ஆனா இன்டைக்கி என்னவோ உங்கட குரலக் கேக்கணும் போல ஈந்துச்சு." குரலைத் தணித்தான். "நான் எடுக்கிறது குறைஞ்சி போச்சி, என்ன உம்மா."

"அதுக்கென்ன மகன். வேலக்காரப் புள்ள நீங்க. சஹ்லாட உடுப்புப் படம் பாத்தேன். கொஞ்சம் நீளம் கூட, மடிச்சித் தைக்கச் சொல்லுங்க."

ஸியாம் சிரித்தான். சின்னப் பிள்ளையில் சிரித்த சிரிப்பு. தரையில் கிடந்த ஸைனம்பு அதைக் கேட்டாள். வாயில் கையை வைத்து, நாக்கைப் பிடித்து இழுத்தாள். ஒரு முனகல் வெளியே வந்தது.

"அது என்ன சத்தம்?"

"மழ மகன். இங்க சரியான மழ."

"தனியா ஈக்கப் பயமில்லயா?"

"தனிய இல்ல" என்றது அது. "இன்னம் கொஞ்ச நாள்ல இத்தாவும் முடியிது. முடிஞ்சா அங்க வாரன். புள்ளயப் பாக்கணும்."

"மெய்யாவா? எத்தன தரம் கூப்பிட்டு நீங்க ஏலாதுன்டீங்க." அவன் குரல் உடைந்தது. "உங்கட குரல் இன்டைக்கி நல்லா ஈக்கி உம்மா. வாப்பா ஈந்த காலத்துல மாதிரி ஈக்கி. நான் டிக்கட் போடுறேன். வைக்கட்டா?"

வைக்காதீங்க. வைக்காதீங்க மகன்.

"வைங்க மகன். படுங்க."

கிணுக். மழை.

மூச்சு, இழுத்து, விட்டு. கட்டில் கிறீச்சிட்டது. ஒரு பாரம் சுவரோரத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. ஸைனம்பு பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். கட்டிலின் விளிம்பில் இரண்டு பாதங்கள் இறங்கின. பச்சை வெளிச்சத்தில் குதிகால்கள் வழவழவென்று இருந்தன. ஒரு வெடிப்பும் இல்லை.

அது குனிந்தது. நாலு மாதமாக அவள் தலையில் இருந்த வெள்ளை முக்காட்டை இழுத்துத் தன் தலையில் போட்டு, ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டது. அவள் செருகுகிற மாதிரி. பிறகு அவளை அக்குளில் பிடித்துத் தூக்கியது. பாரமே இல்லாமல் தூக்கியது. பஞ்சு அடைத்த சாமானுக்கு என்ன பாரம்.

அவளைச் சுவரோரமாகக் கிடத்தியது. பலீல் படுத்த பக்கத்தில். கையை நேராக்கியது, காலை நேராக்கியது. சாரத்துணி உறையிலிருந்து அவிழ்ந்து கிடந்த நாடாவை எடுத்து அவளுடைய கணுக்கால்களைச் சேர்த்து வைத்து, இறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டது. மற்ற முனைக்குரிய நாடாவைத் தேடி எடுத்தது. அது எங்கே கட்டவேண்டியது என்று ஸைனம்புவுக்குத் தெரியும். கட்டுகிற கை தன்னுடைய கைதான் என்பதை அவள் பார்த்தாள். தையல் ஊசி ஏறிய பழைய தழும்பு பெருவிரலில் இருந்தது.

பிறகு அது அவளுக்குப் பக்கத்தில் படுத்தது. பெருமூச்சு ஒன்று விட்டது, நாள் முழுக்க வேலை செய்த பொம்பளை விடுகிற பெருமூச்சு. சூடான கை ஒன்றை அவள் மேல் போட்டது. சூடான கால் ஒன்றை அவள் மேல் போட்டது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியது.

அதன் கையில் பட்டி இருந்தது. பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.